சக்கர வீடு கேட்கிறீர்கள் டீச்சர், வாசலில் நான்கு படி நிற்கிறதே

நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பளைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். வயது 62. தோட்டப் பாடசாலையில் 31 வருடம் படிப்பித்தவர். கணவர் இறந்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை, இப்போது இடது காலும் மடங்க மறுக்கிறது. இருப்பது அண்ணன் வீட்டு மேல்மாடி அறையில். வெளிப்பக்கமாக 13 படி, கழிப்பறை கீழே. போன ஐப்பசி மழையில் இரவு இரண்டு மணிக்கு இறங்கும்போது ஏழாவது படியில் வழுக்கி, விடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். யாரையும் எழுப்ப மனம் வரவில்லையாம்.

கனடாவில் இருக்கும் மகன் சக்கரத்தில் ஓடும் சின்ன வீடுகளின் வீடியோக்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார். கண்டிப் பக்கத்து வெல்டிங் பட்டறை ஒன்று 24 அடி நீளம், 8 அடி அகலத்தில் ஒன்று செய்து தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்டிருக்கிறது. அண்ணனுடைய காணியில் பழைய மரக்கறிப் பாத்தி அடுக்குகள் இரண்டு இருக்கின்றன, இடையில் மூன்றடி உயர வரம்பு. மேல் அடுக்குக்கு ஆட்டோ வரும், கீழ் அடுக்குக்குப் பக்கவாட்டில் டிராக்டர் பாதை. கீழே வீட்டை நிறுத்திக்கொள் என்று அண்ணன் வாயால் சொல்லியிருக்கிறார். டீச்சரின் கணக்கு இது: சக்கரம் இருப்பதால் பிரதேச சபை அனுமதி தேவையில்லை, மண்சரிவு எச்சரிக்கை வந்தால் இழுத்துக்கொண்டு போய்விடலாம், பனி மாதங்களில் மாத்தளையிலுள்ள மகள் வீட்டுப் பக்கம் கொண்டுபோய் வைக்கலாம், மாடி இல்லாததால் முழங்காலுக்கும் நிம்மதி. பேரப்பிள்ளைகள் வந்தால் படுக்க மேலே ஒரு பரண். “நான் லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டு அறையில் பிறந்தவள், எனக்கு இந்த இடம் தாராளம்” என்று முடித்திருக்கிறார்.

டீச்சர், உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். ஏழாவது படியில் உட்கார்ந்திருந்த அந்த இரவு மனதை விட்டுப் போகவில்லை. அந்தப் படியிலிருந்து இறங்க உங்களுக்கு வீடு வேண்டும், அதுவும் சீக்கிரமாக வேண்டும். அளவு பற்றியும் கவலைப்படவில்லை. 24க்கு 8 என்றால் 192 சதுர அடி. அமெரிக்க மாதிரிக் கட்டட விதியின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்த வகை வீட்டுக்கென்று சேர்த்த பகுதி 400 சதுர அடி வரை சின்ன வீடு என்கிறது, உங்களுடையது அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் ஒருவருக்குப் போதும், திட்டம் சரியாக இருந்தால். காம்பராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அத்தனை பேர் இருக்க முடிந்ததற்கு வெளியே இஸ்தோப்பு என்கிற முன் திண்ணையும் வாசலும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையும் இருந்ததுதான் காரணம், பாதி வாழ்க்கை வெளியில் நடந்தது. முழங்கால் முடியாதவர் நினைத்தவுடன் வெளியே போய்வர முடியாவிட்டால் 192 சதுர அடி மிகச் சின்ன இடம். ஆகவே முதல் கேள்வி வாசல்.

ஒரே மட்டம் எங்கே தொடங்குகிறது

மாடி இல்லை என்பதால் ஒரே மட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டறைக்காரரின் படத்தைப் பாருங்கள். சக்கரத்துக்கும் அச்சுக்கும் மேலே இரும்புச் சட்டம், அதற்கு மேலே தரை. சக்கரங்களுக்கு நடுவே தரையைத் தாழ்த்திச் செய்தாலும் மண்ணிலிருந்து ஏறக்குறைய இரண்டடி உயரம் வரும், சக்கரத்துக்கு மேலே வைத்தால் இன்னும் கூடும். இரண்டடி என்றால் அரை அடிப் படி நான்கு. மழையில் நனைந்த இரும்புப் படி, கைபிடி இல்லாமல். 13 படியை விட்டு 4 படிக்கு வருகிறீர்கள், ஆனால் இந்த நான்கையும் ஒவ்வொரு தடவையும், துணி காயப்போடப் போகும்போதுகூட, ஏறி இறங்க வேண்டும்.

படிக்குப் பதில் சாய்தளம் போடலாமா என்றால், தள்ளுநாற்காலியும் ஊன்றுகோலும் பாதுகாப்பாகப் போக ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். இரண்டடிக்கு 24 அடி. உங்கள் வீட்டின் நீளமும் 24 அடிதான். வீட்டுக்கு முன்னால் இன்னொரு வீட்டு நீளத்துக்குச் சாய்தளம் என்பதைப் பட்டறையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்கு உங்கள் காணியிலேயே விடை இருக்கிறது, இந்த இடத்தைப் படித்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. அடுக்குகளுக்கு இடையே மூன்றடி வரம்பு என்கிறீர்கள். வீட்டைக் கீழ் அடுக்கில், வரம்பிலிருந்து ஆறடி தள்ளி, நீளவாட்டில் வரம்புக்கு இணையாக வைத்து, தரையை இரண்டரை அடி உயரத்தில் நிறுத்தினால், மேல் அடுக்கிலிருந்து வீட்டு வாசலுக்கு ஆறடியில் அரை அடி மட்டும் இறங்கும் ஒரு பாலம் போதும். அதே ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு. ஆட்டோவிலிருந்து இறங்கி, அண்ணன் வீட்டு வாசலைக் கடந்து, ஒரு படிகூட இல்லாமல் கட்டில் வரை நடக்கலாம். நாலடி அகலம், இரண்டு பக்கமும் கைபிடி, வழுக்காத தளம், மேலே ஒரு கூரை. அதுவே உங்கள் இஸ்தோப்பு ஆகிவிடும், கொழுந்து மலையைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கலாம். வாசல் மட்டத்தில் உள்ளே தண்ணீர் ஓடாதபடி, வாசலுக்கு முன்னால் பாலத்தின் குறுக்கே ஒரு கம்பிவலைக் கால்வாய் வையுங்கள். வரம்பை மட்டும் வெட்டி நேராக்க வேண்டாம். அந்த ஆறடி இடைவெளியில் கல் பதித்த வாய்க்கால் ஒன்று போட்டு மழைத் தண்ணீரைக் காணிக்கு வெளியே எடுத்துவிடுங்கள்.

சக்கரம் இருந்தால் அனுமதி வேண்டாமா?

வேண்டும் என்ற எண்ணத்தோடு தொடங்குங்கள். வீட்டுக்குச் சக்கரம் இருக்கலாம், மலசலகூடக் குழிக்குச் சக்கரம் கிடையாது. குழி, தண்ணீர்க் குழாய், மின்சார மீட்டர், நிரந்தரமாக ஒரு ஆள் குடியிருப்பு என்று வந்துவிட்டால் பிரதேச சபை அதை வீடாகத்தான் பார்க்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குழிக்கும் பக்கத்துக் காணியின் ஊற்றுக்கும் உள்ள தூரத்தைக் கேட்பார், 50 அடிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நுவரெலியா மாவட்டம் மண்சரிவு அபாய மாவட்டம். கட்டட அனுமதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் காணிக்கான மதிப்பீட்டறிக்கை எடுக்க வேண்டும். இதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். யாரும் கேட்காவிட்டாலும் நான் உங்களை அதை எடுக்கச் சொல்வேன், ஏனென்றால் அந்தச் சரிவில் வீடு வைக்கலாமா கூடாதா என்பதை என்னாலோ பட்டறையாலோ சொல்ல முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பொது வீதியில் இழுத்துப் போகும் ட்ரெய்லர் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வரும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். வீட்டுக்கு அடியிலுள்ள இரும்புச் சட்டத்தை ட்ரெய்லராகப் பதிவு செய்து தருவீர்களா, எழுத்தில் தருவீர்களா என்று முற்பணம் கொடுக்கும் முன் பட்டறையிடம் கேளுங்கள். பதிலில் தயக்கம் இருந்தால் காசை வெளியே எடுக்க வேண்டாம்.

எச்சரிக்கை வந்தால் இழுத்துக்கொண்டு போகலாம் என்பது

இதில் மட்டும் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன், டீச்சர். இந்த அளவு வீடு சாமானோடு நாலைந்து தொன் நிற்கும். காரோ வேனோ இழுக்காது, லொறியோ பெரிய டிராக்டரோ வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு விழிப்பு, 100க்கு எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேறு என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோல். 150 மில்லிமீற்றர் பெய்த இரவில் உங்கள் டிராக்டர் பாதை எப்படி இருக்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். டிரைவரைத் தேடி, பாலத்தைக் கழற்றி, குழாயை அவிழ்த்து, டயருக்குக் காற்று பார்த்து... அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் சரிந்து வந்த வேகத்தை நாம் யாரும் மறக்கவில்லை. எச்சரிக்கை வந்தால் மருந்துப் பையையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நீங்கள் மட்டும் கிளம்ப வேண்டும். வீடு கிடக்கட்டும்.

சக்கர வீட்டில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. மண் மெல்ல நகரும்போது கல் வீட்டுச் சுவர் வெடிக்கும், நாம் பார்த்து உஷாராவோம். இரும்புச் சட்டத்தில் நிற்கும் வீடு வெடிக்காது, சத்தமில்லாமல் சாயும். அதனால் ஜன்னல் விளிம்பில் மேசன் பாஸ் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை நிரந்தரமாக ஒட்டி வையுங்கள், மழைக்காலத்தில் தினமும் காலையில் குமிழியைப் பாருங்கள். அது நடுவை விட்டு நகர்ந்தாலோ, கதவு திடீரென்று இறுகினாலோ, வரம்பில் புதிதாக ஊற்று கிளம்பினாலோ, ஓடைத் தண்ணீர் காரணமில்லாமல் கலங்கினாலோ காத்திருக்காமல் வெளியே வந்து கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள்.

மாத்தளைக்குக் கொண்டுபோவதும் அப்படித்தான். நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பாருங்கள், வருடத்துக்கு இரண்டு தடவை அதில் ஒரு வீட்டை இறக்கி ஏற்ற வேண்டும். தை, மாசிப் பனிக்கு நீங்கள் பஸ்ஸில் மகளிடம் போய்விட்டு வாருங்கள். வீடு உங்களுக்காகக் காத்திருக்கும்.

அப்படியானால் சக்கரம் எதற்கு?

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதி, அடித்துவிட்டிருக்கிறீர்கள். அண்ணனுக்குப் பிறகு அவருடைய பிள்ளைகள் என்ன சொல்வார்களோ என்று. நீங்கள் சக்கரம் கேட்பதற்கு உண்மையான காரணம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. யாராவது போகச் சொன்னால் வீட்டையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். லயத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவே தேவையில்லை.

அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. மண்ணோடு சேர்த்துக் கட்டியது காணிக்காரருக்குச் சேரும் என்பதே சட்டத்தின் பொதுப்போக்கு, கழற்றி எடுக்கக்கூடியது உங்கள் பொருளாகவே இருக்கும். ஆனால் அந்த இடத்தில் இருப்பதற்கான உரிமையைச் சக்கரம் தராது, அண்ணனின் வாய்ச்சொல்லும் தராது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகைகூட எழுத்தில், நொத்தாரிசு முன்னால் இருந்தால்தான் செல்லும். ஆகவே பட்டறைக்குப் போவதற்கு முன் அண்ணனோடு நொத்தாரிசிடம் போங்கள். அந்தக் கீழ் அடுக்குக்கும், மேல் அடுக்கில் நடந்து வரும் வழிக்கும் உங்கள் ஆயுள்வரைக்குமான உரித்தோ நீண்டகாலக் குத்தகையோ எழுதலாம், எது பொருத்தம் என்று அவர் சொல்வார். வீடும் அதன் சாமான்களும் உங்களுடையவை, எடுத்துப்போக உரிமை உண்டு என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள். காணிப் பதிவகத்தில் பதியுங்கள். அண்ணனிடம் இதைக் கேட்பது உறவைச் சந்தேகிப்பதாகாது. அவர் நன்றாக இருக்கும்போதே அவர் சொன்ன வார்த்தையை அவருடைய பிள்ளைகளும் மதிக்கும்படி செய்வது அது. மருமக்களையும் கூட்டிவைத்துப் பேசினால் இன்னும் நல்லது.

இது எழுதியாகிவிட்டால் என் யோசனை இதுதான்: இரும்புச் சட்டத்தில் வீட்டைச் செய்யுங்கள், அச்சையும் சக்கரத்தையும் போல்ட் போட்டுக் கழற்றும்படி வையுங்கள். பட்டறையிலிருந்து வந்து சேரும் நாளுக்கு மட்டும் சக்கரம். வந்ததும் ஜாக்கியில் தூக்கி, எட்டுக் குட்டைக் கொங்கிரீட் தூண்களில் உட்கார வைத்து, போல்ட் போட்டு முடுக்கிவிட்டு, சக்கரங்களைக் கழற்றி அண்ணன் கொட்டகையில் வைத்துவிடலாம். டயர் வெயிலிலும் மழையிலும் நின்றால் ஐந்தாறு வருடத்தில் பார்க்க நன்றாக இருந்தாலும் நம்ப முடியாது. தூணில் உட்கார்ந்தால் தரை உயரமும் நம் கையில், நான் சொன்ன இரண்டரை அடியைச் சரியாக வைக்கலாம். வைகாசியில் வரும் காற்றுக்கு இலேசான வீடு ஆடாமலும் இருக்கும். தூணின் அளவையும் ஆழத்தையும் மண்ணைப் பார்த்துப் பொறியியலாளர் ஒருவர் சொல்லட்டும்.

உள்ளே

பரண் வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்கு அண்ணன் வீட்டு மேல்மாடி அறை இருக்கிறது, நீங்கள் விட்டுவரும் அறை. பரணுக்கு ஏணி வைத்தால் என்றாவது ஒருநாள் மேலே விட்ட போர்வையை எடுக்க நீங்களே ஏறுவீர்கள்.

மகன் அனுப்பிய வீடியோவில் கட்டில் சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கிறது. அதில் ஏற வேண்டுமானால் கால்மாட்டிலிருந்து தவழ வேண்டும், மாற்றிய முழங்காலோடு அது முடியாது. சுவர்க் கனம் போக உள்ளே ஏழடிக்குக் கொஞ்சம் மேலே அகலம் மிஞ்சும். மூன்றடிக் கட்டிலை ஒரு சுவரோரம் நீளவாட்டில் போட்டால் நாலடி வழி கிடைக்கும், நாளைக்கு நடைச்சட்டம் வந்தாலும் தள்ளுநாற்காலி வந்தாலும் நேராகப் போய்வர அது போதும். கட்டிலின் உயரத்தை உங்கள் காலை வைத்து அளவெடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பாதம் முழுதும் தரையில் படும்போது முழங்காலுக்குப் பின்புறம் எவ்வளவு உயரமோ, மெத்தையோடு சேர்த்து அதைவிட ஒரு அங்குலம் கூட. கொமட்டுக்கும் அதே கணக்கு.

பாத்ரூம் கட்டில் பக்கத்து நுனியில், ஆறடி நீளத்தில். நம் பாஸ்மார் பாத்ரூம் தரையை இரண்டு அங்குலம் இறக்குவார்கள். இரும்புச் சட்டத்தில் இறக்க முடியாததால் குழாய்க்கு இடம் விட்டு நாலு அங்குலம் உயர்த்திவிடுவார்கள், அங்கே ஒரு படி வந்துவிடும், அதுவும் இரவில் தூக்கக் கலக்கத்தோடு போகும் வழியில். குழாய்கள் சட்டத்துக்குக் கீழேயே போகட்டும், தரை ஒரே மட்டமாக வடிகாலை நோக்கி மெல்லச் சரியட்டும் என்று படத்திலேயே எழுதி வாங்குங்கள். கதவு தள்ளுகதவு, திறந்த இடம் 34 அங்குலம். கைபிடி பொருத்தும் இடங்களில் தகட்டுக்குப் பின்னால் முக்கால் அங்குல பிளைவுட் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பிடித்து எழும்பும் அன்றைக்குக் கைபிடி கையோடு வந்துவிடும்.

குளிர் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. தகரப் பெட்டியில் செய்த வீடொன்றில் நானுஓயாப் பக்கம் ஒரு தை மாத விடியலில் நின்றிருக்கிறேன். கூரையில் வரிசையாக இருந்த ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் ஒரு துளி தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது, ஒன்று விழ அடுத்தது ஊறியது, கீழே மெத்தை சொதசொதவென்று. மழையில்லை, உள்ளே தூங்கியவர்களின் மூச்சு. ஆகவே சுவரிலும் கூரையிலும் தகடுகளுக்கு நடுவே இரண்டு, மூன்று அங்குலம் காப்பு நிரப்பிய பலகைகள், உள்ளே மரம் அல்லது பிளைவுட், இரும்பு எங்கும் உள்பக்கம் தெரியக்கூடாது. மேலே ஒரு சின்னக் காற்றுத்துளை எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். குளிருக்காக அதை அடைத்துவிட்டுக் கரிச்சட்டி மூட்டிப் படுப்பவர்கள் நம் பக்கத்தில் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமும் கிடையாது, இவ்வளவு சின்ன அறையில் ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். காஸ் சிலிண்டர் வெளியே. விறகடுப்பு ஆசை இருந்தால் பாலத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு தாழ்வாரம்.

தண்ணீர்த் தாங்கியை வீட்டுக் கூரையில் ஏற்ற வேண்டாம், 500 லீற்றர் என்றால் அரைத் தொன். மேல் அடுக்கில் ஒரு மேடை கட்டி வைத்தால் தானாக இறங்கி வரும். வீடு முழுக்க இரும்பு என்பதால் சட்டத்துக்கு எர்த் கம்பியும் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம். கட்டில் பக்க ஜன்னல் நீங்கள் வெளியேறும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும், அதன் வெளிப்புறம் மேல் அடுக்குப் பக்கம் பார்த்து, பாலத்தைத் தொடும்படி.

சரி, இந்த வாரம் காசு செலவில்லாமல் ஒன்று செய்யுங்கள். கீழ் அடுக்கில் 24க்கு 8 சுண்ணாம்பால் கோடு போடுங்கள். சுவரின் கனத்துக்கு உள்ளே நாலு அங்குலம் தள்ளி இன்னொரு கோடு. அண்ணன் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கட்டிலையும் நாற்காலியையும் தூக்கிவந்து அதற்குள் வையுங்கள், கொமட் வரும் இடத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து வையுங்கள். இருட்டிய பிறகு ஊன்றுகோலோடும் டோர்ச்சோடும் கட்டிலில் படுத்து எழும்பி வாளி வரை போய் வாருங்கள், நாலைந்து தடவை. எங்கே இடிக்கிறது, எங்கே கை எதையாவது தேடுகிறது என்று ஒரு தாளில் குறித்து, வரம்பின் சரியான உயரத்தையும் டிராக்டர் பாதையின் மிகக் குறுகிய வளைவின் அகலத்தையும் அளந்து எழுதி அனுப்புங்கள். அதை வைத்து நான் படம் வரைந்து தருகிறேன்.